நள்ளிரவில் சரிந்த கல்: 4 அடி ரீஃப் தொட்டியை முதலிலிருந்து அடுக்க யோசனை சொல்லுங்கள்

அலைவரிசை

முந்தாநாள் இரவு இரண்டே கால் மணிக்கு ஹாலில் 'டொம்' என்று ஒரு சத்தம். பூனைதான் எதையோ தள்ளிவிட்டது என்று புரண்டு படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் என் கடல்நீர் மீன்தொட்டியின் வலப்பக்க மேல்கல், 4 கிலோ இருக்கும், முன் கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடி பிழைத்தது. உள்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், இரண்டு மஷ்ரூம் கோரல் நசுங்கிப் போயின, சேதம் இதோடு நின்றது. தண்ணீர் வீட்டுக்குள் வந்திருந்தால் இந்நேரம் நான் வேறு ஏதாவது தளத்தில் வாடகை வீடு தேடிக்கொண்டிருப்பேன்.

தொட்டி 120 × 50 × 50 செ.மீ., 12 மி.மீ. கண்ணாடி, கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் தனித் தொட்டி). வைத்து எட்டு மாதம் ஆகிறது. 28 கிலோ டிரை ராக் (காய்ந்த நுண்துளைக் கல்). முதலில் 5 செ.மீ. மணல் கொட்டி, அதன்மேல் கல்லைப் பின் கண்ணாடியோடு ஒட்டினாற்போலப் படிப்படியாக அடுக்கியிருந்தேன். உள்ளே ஒரு ஜோடி கிளவுன் மீன், இரண்டு ஃபயர்ஃபிஷ், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, அதோடு குடித்தனம் நடத்தும் பிஸ்டல் இறால். கோரல் (பவளம்) என்றால் கல்கூடு கட்டாத சாஃப்ட் வகை மட்டும்தான்: ஜோவா, மஷ்ரூம், ஒரு லெதர், அப்புறம் எங்கே பார்த்தாலும் முளைக்கும் ஜீனியா.

மொத்தத்தையும் பிரித்து மறுபடி அடுக்கப் போகிறேன். எவ்வளவு கல் வைப்பது, எதால் ஒட்டுவது, என்ன வடிவத்தில் வைப்பது, எல்லாமே கேள்விதான். தேடிப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள், தேடிப் படம் பார்த்து அடுக்கித்தான் இந்தக் கதி.

உப்புத்தண்ணி

தம்பி, குற்றவாளி யார் என்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. பிஸ்டல் இறால் ஓயாமல் மண் அள்ளும். கல்லுக்கு அடியில் குகை குடைவது அதன் பிழைப்பு, அதைக் குறை சொல்ல முடியாது. மணல்மேல் கல்லை வைத்தது நீங்கள். முதலில் வெறும் கண்ணாடி, அதன்மேல் கல், கல்லெல்லாம் உட்கார்ந்த பிறகு சுற்றிலும் மணல். இந்த வரிசை மாறினால் என்றைக்காவது ஒருநாள் சரியும். சிலர் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே பிளாஸ்டிக் கட்டப் பலகை வெட்டிப் போடுவார்கள். நான் போடுவதில்லை, மணல் நகர்ந்தால் அது வெளியே தெரிந்து அசிங்கமாக இருக்கும். அடிக்கல்லின் அடிப்பாகத்தை உளியாலோ கிரைண்டராலோ தட்டையாக்கி வைத்தாலே போதும்.

இன்னொன்று. வீட்டு வாசலில் அசையாமல் நிற்கும் கல் தொட்டிக்குள்ளும் அப்படியே நிற்கும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கல்லெல்லாம் அராகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், நீரைவிட ஏறக்குறைய 2.9 மடங்கு அடர்த்தி. உள்ளே இறக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், 10 கிலோ கல் உள்ளே ஆறரை கிலோவாகத்தான் உட்காரும். கடல்முள்ளி ஒன்று வாங்கி விட்டுப் பாருங்கள், ஒட்டாத கல்லை அது முட்டியே நகர்த்திவிடும்.

வடிவத்துக்கு அப்புறம் வருகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பின் கண்ணாடியோடு ஒட்டிப் படிப்படியாக அடுக்கி ஒவ்வொரு படியிலும் ஒரு கோரல் வைத்தால் அது ரீஃப் இல்லை, கொலு.

அலைவரிசை

அண்ணே, என் அம்மா முதல்நாளே சொன்னாள், "சுண்டல் எப்போ?" என்று. நான்தான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கிளவுன்_குமார்

கொலு கிண்டல் சரி. ஆனால் கல் குறைந்தால் மீன் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவுக்கு இடம் எங்கே? நான் தொட்டி ஆரம்பித்தபோது ஒரு கேலனுக்கு 1 முதல் 2 பவுண்டு கல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 300 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 36 முதல் 72 கிலோ வருகிறது. இவர் 28தான் வைத்திருக்கிறார். இதையும் குறைத்தால் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டுக்கு என்ன வழி?

உப்புத்தண்ணி

குமார், அந்தக் கணக்கு வந்த காலம் வேறு. 1961லேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தி எழுதினார். பிற்பாடு பெர்லின் முறை என்று ஒன்று பரவியது, அதாவது நிறைய லைவ் ராக், பெரிய ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவி). அதில் கல்தான் ஃபில்டர், அதனால்தான் கிலோக்கணக்கில் குவித்தார்கள். இன்றைக்கு அதே பாக்டீரியாவைச் சம்ப்பில் நுண்துளைப் பீங்கான் கட்டிகளிலோ மிச்சக் கல்லிலோ குடிவைக்கலாம். காட்சித் தொட்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் பாக்டீரியாவும் அடம்பிடிக்காது.

அதோடு, குவித்த கல்லின் நடுவே தண்ணீர் ஓடாது. மீன் எச்சமும் மிச்சத் தீனியும் அங்கே தங்கி அழுகும். நைட்ரேட்டுக்குப் பயந்து கல்லைக் கூட்டி, அந்தக் கல்லே நைட்ரேட் கிடங்கான தொட்டிகளை நான் நிறையப் பிரித்திருக்கிறேன். நடுக்கல்லைத் தூக்கும்போது கிளம்புமே ஒரு பழுப்புப் புகை, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அலைவரிசை தம்பி, 28 கிலோவில் காட்சிக்கு 16, 17 கிலோ போதும். மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள், எட்டு மாதப் பாக்டீரியா அதில் இருக்கிறது, சம்ப்பில் போடுங்கள்.

கொத்தனார்_மகன்

கேட்காமலேயே ஒரு யோசனை ப்ரோ. வளைவு, பாலம் மாதிரி வடிவத்தில் கல் கடையில் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை வேறு மாதிரி. நான் மொட்டை மாடியில் நானே செய்கிறேன்.

வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் நொறுக்கு இரண்டு பங்கு (கோழித் தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும், முட்டைக் கோழிக்குப் போடுவது), கல் உப்பு இரண்டு பங்கு. தண்ணீர் ஊற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. புட்டு மாவுப் பதம் வேண்டும், பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஒரு கை தண்ணீர் கூடிவிட்டால் உப்பு அப்போதே கரையும், கல் வழவழவென்று படிக்கல் மாதிரி ஆகிவிடும், துளையே இருக்காது. பழைய பெட்டியில் ஈரமணல் நிரப்பி, கையால் பள்ளம் பறித்து, அதில் கலவையை அமுக்காமல் போட்டு, ஓட்டைகளுக்கு மணல் உருண்டைகளை நடுவில் சொருகி, ஈரச் சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் விட்டுவிடுவேன். பிறகு டிரம்மில் நல்ல தண்ணீரில் ஊறப் போட வேண்டும். உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளை.

அவசரப்பட்டுத் தொட்டியில் போட்டால் மீன் காலி. புதுச் சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் பிஎச் 12 வரைக்கும் போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, எனக்கு ஏழு வாரம் ஆனது அது எட்டே காலுக்கு வர. கடைசியில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் மாற்றாமல் விட்டுப் பார்த்து, பிஎச் ஏறாமல் இருந்தால்தான் எடுப்பேன்.

வால் புட்டியை வெள்ளைச் சிமெண்ட் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அதில் பாலிமர் கலந்திருக்கும். என் முதல் கல் அப்படித்தான் வீணானது, இப்போது துளசி மாடத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது.

அலைவரிசை

ஏழு வாரம் பொறுமை இல்லை, ஆனால் ஒரே ஒரு பாலக் கல் மட்டும் செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். மண்டபம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டின் பழைய மதில் இடிந்து கிடக்கிறது. அது முழுக்கக் கடற்கல், உற்றுப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கோரலின் கண்கள் தெரிகின்றன. ஐம்பது அறுபது வருஷம் மழையில் கழுவிய கல். அதை எடுத்து வரலாமா? இல்லையென்றால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்?

பாம்பன்_காற்று

சகோ, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஊர்க்காரன்.

எடுக்காதீர்கள். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி, எங்கே போனாலும் பழைய வீட்டுச் சுவரில் அந்தக் கல் இருக்கும். ஒரு காலத்தில் வள்ளம் வள்ளமாக வெட்டி வந்து வீடு கட்டினார்கள், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று பள்ளியில் படித்தோம். அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்றைக்கு நீருக்கு மேலே இல்லை. சுற்றியிருந்த பவளப் பாறையை வெட்டினால் அலையைத் தடுக்க ஆள் இல்லை, தீவு கரைந்துவிடும். கல்பவளம், கடல்விசிறி எல்லாம் 2001லிருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருக்கிறதா செத்த எலும்பா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. உங்கள் தாத்தா மதில்தான், நீங்கள் வெட்டவில்லைதான், ஆனால் அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் கேட்பவரிடம் மதில் கதையைச் சொல்லி நிரூபிக்க முடியுமா? மதில் மதிலாகவே இருக்கட்டும்.

ஒரு கொசுறு. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு தேய்ந்துகொண்டே போனதால், அதைக் காப்பாற்ற ஓட்டை ஓட்டையாக வார்த்த கான்கிரீட் கட்டுமானங்களைக் கடலில் வரிசையாக இறக்கினார்கள். ஓட்டை இல்லாமல் சுவராக வைத்தால் அலை முட்டி அடிமண்ணை அரித்துவிடும், ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வேகம் குறைந்து வெளியே வரும், மீனும் ஒதுங்கும். மேலே உப்புத்தண்ணி அண்ணன் சொன்ன விஷயத்தைத்தான் டன் கணக்கில் செய்திருக்கிறார்கள்.

உப்புத்தண்ணி

அரியலூர்க் கல் பற்றி: அது பெரும்பாலும் கால்சைட், கெட்டியானது, துளை குறைவு, கைப்பிடி அளவே மலைக்க வைக்கும் எடை. கூடவே களிமண்ணும் இரும்பும் என்னென்ன கலந்திருக்கும் என்று கல்லுக்குக் கல் மாறும். சிமெண்ட் ஆலைக்கு நல்லது, தொட்டிக்கு வேண்டாம். அந்தக் கல்லில் நத்தைப் புதைபடிவம் கிடைத்தால் அலமாரியில் வையுங்கள்.

அலைவரிசை

சரி, மதிலும் இல்லை அரியலூரும் இல்லை. இருக்கிற கல்லிலேயே செய்கிறேன். அதில் ஜீனியாவும் ஜோவாவும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. சம்ப்புக்குப் போகும் கல்லிலிருந்து அவற்றை ஒழிக்க அம்மா ஒரு வழி சொல்கிறாள். பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்தால் சுத்தமாகிவிடுமாம்.

உப்புத்தண்ணி

வேண்டவே வேண்டாம். அடுப்பு பற்றவைத்திருந்தால் முதலில் அணையுங்கள்.

ஜோவா, பாலிதோவா வகையில் பாலிடாக்சின் என்று ஒரு நஞ்சு இருக்கும். உயிரினங்களில் கிடைக்கிற நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. சூட்டில் அது அழியாது, ஆவியோடு கிளம்பி மூச்சில் போகும். வெளிநாட்டில் இப்படிக் கல்லைக் கொதிக்க வைத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. கல்லுக்குள் அடைபட்ட ஈரம் ஆவியாகி அது வெடிக்கவும் செய்யும். பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், தேய்க்கும்போது கண்ணில் தெறிக்கிற ஒரு துளி போதும்.

ஜோவா உள்ள பக்கத்தைக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு அடியிலேயே உளியால் கல்லோடு சேர்த்துச் சில்லாகப் பெயர்த்து எடுங்கள். அந்தச் சில்லைப் புதிய அடுக்கில் ஒட்டிக்கொள்ளலாம். மிச்சம் மீதி இருந்தால் இருக்கட்டும், சம்ப் இருட்டில் வெளிச்சம் இல்லாமல் மெல்ல ஓய்ந்துவிடும்.

கிளவுன்_குமார்

நான் மூன்று வருஷம் முன்னால் கொதிக்க வைத்திருக்கிறேன். நல்லவேளை அந்தக் கல்லில் ஐப்டேசியா (களைபோலப் பரவும் கடல் அனிமோன்) மட்டும்தான் இருந்தது. படிக்கும்போதே கை நடுங்குகிறது.

ஜூரோங்வாசி

சிங்கப்பூரிலிருந்து. எனக்கு இங்கே ஹாமர், டார்ச் கோரல் எல்லாம் முறையான அனுமதியோடு கடையில் கிடைப்பதால் என் பிரச்சினை கொஞ்சம் வேறு. ஆனால் அடுக்குவதில் நான் செய்த தப்பு எல்லோருக்கும் பொது.

முதல்நாள் போட்டோவுக்காக அடுக்கினேன். கல் தண்ணீர் மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே வரை உயர்ந்திருந்தது, கம்பீரமாக இருந்தது, ஊரே லைக் போட்டது. ஒன்றரை வருஷத்தில் கோரல் வளர்ந்து தண்ணீரை விட்டு எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் வளர்ந்து கண்ணாடியைத் தொட்டது. டார்ச் இரவில் நீட்டுகிற கொட்டும் இழைகள் பக்கத்துக் கோரலைச் சுட்டன. கல்லை அடுக்கும்போது அதன்மேல் இன்னொரு 10, 15 செ.மீ. சதை வளரப் போகிறது என்று கண்ணை மூடிக் கற்பனை பண்ண வேண்டும், நான் பண்ணவில்லை.

அலைவரிசை, உங்கள் லெதர் இப்போது தோசைக் கரண்டி அளவு இருக்கலாம். நன்றாக வளர்ந்தால் தோசைக் கல் அளவு ஆகும், குடை மாதிரி விரிந்து கீழே இருப்பதற்கெல்லாம் நிழல் கட்டும். அதை உச்சியில் வைக்காமல் ஒரு ஓரத்தில், கீழே யாரும் குடியில்லாத இடத்தில் வையுங்கள். ஜீனியாவுக்குத் தனித் தீவு. சுற்றிலும் மணல் இருந்தால் அது நடந்து போகக் கல் இல்லை.

கொத்தனார்_மகன்

தனித் தீவு, வெறும் இடம் என்று இப்போது எல்லோரும் ஒரே மாதிரி அடுக்குகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி, நடுவில் பாலைவனம். எனக்கு அது மியூசியம் மாதிரி இருக்கிறது. மீன் எங்கே ஒளியும்? ஃபயர்ஃபிஷ் பயந்து மூடி இடுக்கில் குதித்துச் செத்த தொட்டிகள் அந்த மாதிரித் தொட்டிகள்தான்.

உப்புத்தண்ணி

அதில் பாதி சரி. வெறும் இடம் அழகுக்காக மட்டும் இல்லை, தண்ணீர் ஓடவும் கை நுழையவும்தான். ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் அதன் உடம்பு நுழைகிற ஒரு பொந்தாவது வேண்டும், பின்பக்கமும் வழி இருக்கிற பொந்து. ஒரே வாசல் உள்ள குகையில் சண்டைக்காரன் ஒருவன் வாசலில் நின்றால் உள்ளே இருப்பவன் அவ்வளவுதான். அப்புறம் ஒரு மூலையிலிருந்து மறுமூலை தெரியக் கூடாது. கண்ணில் படாதவனை மீன் துரத்துவதில்லை, பாதிச் சண்டை அதிலேயே ஓய்ந்துவிடும்.

இடம் குறிப்பதைச் சொல்கிறேன். நான் ஒரே நடுவில் உச்சியை வைப்பதில்லை. 120 செ.மீ.யில் 1க்கு 1.618 என்று பிரித்தால் ஒரு பக்கத்திலிருந்து 46 செ.மீ. வரும், பெரிய தீவின் உச்சி அங்கே. மறுபக்கம் சின்னத் தீவு. முன்னால் 12, பின்னால் 10 செ.மீ. விடுங்கள், காந்தத் துடைப்பான் சிக்காமல் சுற்றி வர வேண்டும். உச்சிக்கு மேலே 15 செ.மீ. தண்ணீர். இதெல்லாம் வேதவாக்கு இல்லை, உங்கள் கை எவ்வளவு பெரியதோ அதைப் பொறுத்துக் கூட்டிக் குறையுங்கள்.

ஒவ்வொரு கல்லும் கீழ்க்கல்லை மூன்று புள்ளியில் தொட வேண்டும். அடுப்புக்கு மூன்று கல் என்று வைத்தார்களே, அதே கணக்கு. இரண்டு புள்ளியில் நிற்பதைப் பசை போட்டு ஏமாற்றலாம், எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியாது. பசை இல்லாமலே ஆடாமல் நிற்கிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள், பசையெல்லாம் அதற்குப் பிறகு.

அலைவரிசை

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மொட்டை மாடியில் அட்டைப்பெட்டியை விரித்து 120க்கு 50 கோடு போட்டு, பின்பக்கம் இரண்டு செங்கலில் ஒரு பலகையை நிறுத்தி 46 செ.மீ. உயரத்தில் நூல் கட்டினேன், அதுதான் தண்ணீர் மட்டம். சம்ப்புக்குப் போகிற கல்லில் எட்டு கிலோவை எடுத்துக் காய்ந்தாலும் பரவாயில்லை என்று அதில் மட்டும் விளையாடினேன், மிச்சமெல்லாம் டப்பில் கடல்நீரில் வேவ்மேக்கரோடு (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) ஊறுகிறது.

நாலு மணி நேரத்தில் பதினொரு தடவை பிரித்திருப்பேன். முதல் மூன்று அடுக்கும் என்னை அறியாமல் மறுபடி கொலுதான், கை தானாகவே படி கட்டுகிறது. பிறகு ஒரு யோசனை வந்தது, கல்லையே பார்க்காமல் இடைவெளியைப் பார்த்து வைத்தேன். அதாவது முதலில் தண்ணீர் போகிற வழி இது, கோபி பொந்து இது என்று அட்டையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, அந்த வட்டங்களை மூடாமல் மிச்ச இடத்தில் கல் வைத்தேன். நான்கு கல்லிலேயே ஏதோ ஒன்று வந்துவிட்டது.

காந்தத் துடைப்பானை ஒரு கட்டைமேல் வைத்துப் பின்பக்கம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தில் முட்டியது. அந்தக் கல்லை அரைத் திருப்பு திருப்பினேன். அம்மா துணி காயப்போட வந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை சுண்டல் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒட்டுவது எப்படி?

உப்புத்தண்ணி

பெரிய இணைப்புக்குக் கம்பி: 8 மி.மீ. அக்ரிலிக் அல்லது ஃபைபர் கிளாஸ் கம்பி. டிரில்லில் சுத்தியல் முறையை அணைத்துவிட்டு, மேசன்ரி பிட்டில், மெதுவாக, நடுநடுவே தண்ணீர் ஊற்றிக்கொண்டு துளை போடுங்கள். சுத்தியல் முறையில் போட்டால் கல் பிளந்துவிடும். இரும்பு, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எதுவும் வேண்டாம், உப்புத் தண்ணீர் எந்தக் கம்பியையும் விடாது.

நடுத்தர இணைப்புக்கு மீன்தொட்டி எபாக்ஸி. தனியாக வைத்தால் ஒட்டாது, வெறும் களிமண் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். முதலில் கல்லில் சூப்பர் க்ளூ ஜெல், அதன்மேல் எபாக்ஸி உருண்டை, உருண்டைமேல் மறுபடி ஜெல், அப்புறம் மேல்கல். பத்து நிமிஷம் அசையாமல் பிடித்தால் பிடித்துக்கொள்ளும்.

சின்ன விரிசல், இடுக்கு: கல் பொடியையோ ஆப்ப சோடாவையோ நிரப்பி, மேலே தண்ணியான சூப்பர் க்ளூவை விட்டால் அந்த நொடியே கல்லாகும். புகையும் சூடும் வரும், மூக்கைத் தள்ளி வையுங்கள், திறந்த இடத்தில் செய்யுங்கள். பருத்திப் பஞ்சு வைத்துச் செய்யாதீர்கள், பற்றிக்கொள்கிற அளவுக்குச் சூடாகும்.

ஒரே பிண்டமாக ஒட்டிவிடாதீர்கள். பெரிய தீவை இரண்டு துண்டாக, தூக்கி உள்ளே இறக்குகிற எடையில் வையுங்கள். பிறகு ஒருநாள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டி வந்தால் அப்போது என்னை நினைப்பீர்கள்.

அலைவரிசை

முடிந்தது. நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மாலை நாலரை வரை. கணக்கு இப்படி வந்தது: இடப்பக்கம் 10 செ.மீ. விட்டு 55 செ.மீ. நீளத்துக்குப் பெரிய தீவு, 18 செ.மீ. இடைவெளி, 25 செ.மீ.க்குச் சின்னத் தீவு, மிச்சம் 12. அகலம் எங்கேயும் 28ஐத் தாண்டவில்லை. உச்சி 31 செ.மீ. காட்சியில் 17 கிலோ, சம்ப்பில் 11.

மீன்களை டப்பில் விட்டுவிட்டுப் பழைய மணலை எடுத்தேன். அடியில் கறுத்து அழுகிய முட்டை வாடை. அதை மறுபடி போட மனம் வரவில்லை, ஒரு கிண்ணம் மட்டும் பழைய மேல்மணல், மிச்சமெல்லாம் புதுசு. கல்லை வெளியே வைத்து ஒட்டும்போது தம்பி உப்புத் தண்ணீர் ஸ்ப்ரேயோடு பக்கத்திலேயே நின்றான், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கல்லுக்கும் எனக்கும் சேர்த்து அடித்தான்.

ஒரு தோல்வி. சின்னத் தீவின் மேல்கல்லைக் கம்பி இல்லாமல் எபாக்ஸியில் மட்டும் நிறுத்தினேன், அரை மணி நேரத்தில் தலை கவிழ்ந்தது. கழற்றித் துளை போட்டுக் கம்பி சொருகிய பிறகுதான் நின்றது.

ஜூரோங்வாசி

தண்ணீர் ஓட்டத்தைச் சோதித்தீர்களா? உறைய வைத்த தீனி கரைத்த தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு பொந்துக்கு முன்னாலும் விட்டுப் பாருங்கள். கலங்கல் நகராமல் நிற்கிற இடம்தான் ஆறு மாதம் கழித்துக் குப்பைத் தொட்டி.

அலைவரிசை

பார்த்தேன். பெரிய தீவின் பின்பக்கம் ஒரு முழங்கை அளவு இடத்தில் நின்றது. வலப்பக்க வேவ்மேக்கரைப் பின்கண்ணாடியை நோக்கிக் கொஞ்சம் திருப்பியதும் போய்விட்டது. அமோனியா நாலு நாளும் பூஜ்யம்தான், மூன்றாம் நாள் மட்டும் லேசாக நைட்ரைட் காட்டி இறங்கியது.

கொத்தனார்_மகன்

ப்ரோ, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாலைவனம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த இடப்பக்க வளைவு நன்றாக இருக்கிறது. என் டிரம்மில் ஒரு பாலக் கல் ஐந்தாவது வாரத்தில் ஊறுகிறது, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அலைவரிசை

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஆபீஸ்.

பிஸ்டல் இறால் வேலையைத் தொடங்கிவிட்டது. பெரிய தீவின் முன்மூலையில் தோண்டித் தோண்டி அடிக் கண்ணாடி தெரிகிற வரை போய்விட்டது, டார்ச் அடித்துப் பார்த்தால் கல் கண்ணாடிமேல் உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. கல் ஒரு இழை அசையவில்லை. இரவு இரண்டே காலுக்கு நானே இரண்டு தடவை எழுந்து பார்த்தேன், பழக்கம்.

ஃபயர்ஃபிஷ் இரண்டும் பின் பொந்தில். கீறல் அப்படியே இருக்கிறது, அந்த இடத்துக்கு நேரே பார்த்தால் மட்டும் தெரியும்.

கொத்தனார் அண்ணன் பாலத்தைச் சின்னத் தீவுக்குப் பின்னால் வைக்க இடம் விட்டிருக்கிறேன், பிஎச் இந்நேரம் எட்டே காலுக்கு வந்திருக்குமே, சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயம். ஜீனியாவைச் சின்னத் தீவில்தான் வைத்தேன், நடுவில் 18 செ.மீ. மணல். இன்று காலை பெரிய தீவின் அடியில், கோபி பொந்துக்குப் பக்கத்தில், அரிசி அளவில் ஒன்று கையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

உப்புத்தண்ணி

பிய்ந்த துண்டு ஓட்டத்தில் மிதந்து வந்திருக்கும், அதற்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கே எடுத்துவிடு தம்பி. நாளைக்கு என்றால் இரண்டாகியிருக்கும்.

அலைவரிசை

எடுத்துவிட்டேன் அண்ணே, நீங்கள் முன்பே சொன்ன மாதிரி உளியால் கல்லோடு சேர்த்து. கோபி வெளியே வந்து என்னை முறைத்தது.